கோயிலில்லா மணிக்கூண்டு

அக்டோபர் கடைசி வாரத்துக் காலை. மணி ஏழரை ஆகியும் மூடுபனி விலகவில்லை. எதிரே இருப்பது வயலா, குன்றா, ஊரா என்று பிரித்தறிய முடியாத வெள்ளை. அதற்குள்ளிருந்து முதலில் தலைகாட்டுவது ஒரு கோபுரம். சதுரமாக, தடித்த சுவரோடு, அலங்காரம் என்று சொல்ல ஏதுமில்லாமல் நிற்கிற கற்கோபுரம். மணிக்கூண்டு என்றால் பக்கத்தில் கோயில் இருக்க வேண்டும் அல்லவா? பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கலைகிறது. கோபுரத்தின் பக்கத்தில் புல்வெளிதான் இருக்கிறது.

ஊர்க்காரர்கள் இந்தக் கோபுரத்துக்கு வைத்திருக்கும் பெயர் ‘சாம்பல் கோமகன்’. 13ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறவர். ஊரின் பெயர் வெஸ்ஸோப்ருன். ஜெர்மனியின் தென்கோடி மாநிலமான பவேரியாவில், மியூனிக்குக்குத் தென்மேற்கே, அம்மர் ஏரிக்கும் லெக் ஆற்றுக்கும் நடுவே, சுமார் 700 மீட்டர் உயரத்து மேட்டில் இருக்கிறது. சுற்றியுள்ள குக்கிராமங்களையும் பண்ணை வீடுகளையும் சேர்த்தால் 2,000 சொச்சம் பேர்.

பள்ளிப் பேருந்து வந்து ஏழெட்டுப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறது. பின்னாலேயே ஒரு டிராக்டர். அதன் சக்கரங்களிலிருந்து தெறித்த சாணமண் சாலையில் கோடு போட்டுக்கொண்டே போகிறது. எதிர்ப்படுகிற முதியவர் தொப்பியைத் தொட்டு “க்ரூஸ் காட்” என்கிறார். கடவுள் வாழ்த்தட்டும் என்கிற பொருளில், இந்தப் பக்கத்தில் காலை மாலை எல்லாவற்றுக்கும் பொதுவான வணக்கம். நானும் அதையே திருப்பிச் சொல்கிறேன். அன்று முழுக்க நான் பேசியது அந்த இரண்டு சொற்கள் மட்டுமே.

*

கல்லறைத் தோட்டத்தில் ஒரு பாட்டி. வயது எழுபத்தைந்து இருக்கலாம். முட்டி போட்டு, உதிர்ந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போடுகிறார். நவம்பர் 1 சகல புனிதர் திருநாள். அன்று ஊரே இங்கே கூடும். பாதிரியார் கல்லறை கல்லறையாகப் புனித நீர் தெளித்து வருவார். அதற்குள் ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறையைத் துப்புரவாக்கி, புதுமண் நிரப்பி, பூச்செடி நட்டுவிட வேண்டும். செய்யாமல் விட்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லோரும் பார்ப்பார்கள்.

கம்பி மாட்டியில் பச்சை நிறப் பூவாளிகள் வரிசையாகத் தொங்குகின்றன. பாட்டி ஒன்றை எடுத்துப் போய் நிரப்பிக்கொண்டு வருகிறார். கைப்பிடியில் யார் பெயரும் இல்லை. ஊருக்கெல்லாம் பொது.

பக்கத்தில் இருக்கிற திருயோவான் கோயில் ஊரின் பங்குக் கோயில். 1750களின் கடைசியில் கட்டியது. உள்ளே மேற்கூரை முழுக்க ஓவியமும் சுதை வேலையும். அந்த வண்ண ஆரவாரத்துக்கு நடுவே ஒரு மரச்சிலுவை, அதில் ஒரு மரக் கிறிஸ்து. மற்ற எல்லாவற்றையும்விட 500 ஆண்டு மூத்தவர். விழாக்கோலம் பூண்ட வீட்டில் மூலையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் கொள்ளுத்தாத்தா போல இருக்கிறார். அவர் இங்கே குடியிருக்க வந்தவர். சொந்த வீடு அந்தப் புல்வெளியில் இருந்த மடத்துக் கோயில்.

அந்தக் கோயில் போன கதை சிறியது. நெப்போலியன் காலத்து யுத்தங்களில் ரைன் நதிக்கு மேற்கே நிலம் இழந்த ஜெர்மன் மன்னர்களுக்கு ஈடு வேண்டியிருந்தது, கஜானாவும் காலி. திருச்சபைச் சொத்துகள் மேல் கை வைத்தார்கள். 1803இல் பவேரியா முழுக்க மடங்கள் கலைக்கப்பட்டன. வெஸ்ஸோப்ருன் பெனடிக்டின் மடமும் அதில் ஒன்று. துறவிகள் வெளியேறினார்கள். ஏடுகளும் புத்தகங்களும் மியூனிக்குக்குப் போயின. 1810இல் பக்கத்து ஊரான வைல்ஹைமில் பெரிய தீ. வீடு கட்டக் கல் தேவைப்பட்டது. இங்கே ஆளில்லாத கோயில் ஒன்று கற்களோடு நின்றது. பிரித்துக் கொண்டுபோனார்கள். கோமகன் மட்டும் தப்பினார்.

ஆகவே வெஸ்ஸோப்ருன் கோயிலைப் பார்க்க வேண்டுமென்றால் வைல்ஹைம் வீடுகளின் காரையைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். கோயிலின் கற்சிலைகள் சிலவற்றைப் பார்க்க மியூனிக்கில் உள்ள பவேரிய தேசிய அருங்காட்சியகத்துக்கு ரயிலேற வேண்டும்.

*

மடத்துக் கட்டடங்களின் பின்பக்கம் மூன்று ஊற்றுகள். அம்மாவோடு வந்த சிறு பெண் ஒருத்தி கையுறையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் விரலை விடுகிறாள். ‘ச்’ என்று உதறி, மறுபடியும் விடுகிறாள். மூன்றிலும் விட்டுப் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி.

ஊர் பிறந்தது இந்தத் தண்ணீரிலிருந்துதான் என்பது தலபுராணம். பவேரியக் கோமகன் மூன்றாம் டஸ்ஸிலோ வேட்டைக்கு வந்தார். களைத்து ஒரு லிண்டன் மரத்தடியில் உறங்கினார். கனவில் மூன்று ஊற்றுகள். அவற்றின் நீர் சிலுவை வடிவில் கூடுகிறது. மேலே விண்ணுக்குப் போகும் ஏணியில் தேவதூதர்கள் ஏறி இறங்குகிறார்கள். விழித்ததும் ஊற்றுகளைத் தேடச் சொன்னார். கண்டுபிடித்துச் சொன்ன வேட்டைத்துணைவன் பெயர் வெஸ்ஸோ. அவன் கண்ட ஊற்று, ஜெர்மன் மொழியில் ‘ப்ருன்னன்’. இரண்டும் சேர்ந்து ஊர்ப்பெயர். ஆண்டு 753.

டஸ்ஸிலோ பிறந்தது 741. அப்படியானால் மடம் நிறுவியபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. ஊரில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. போட்டாலும் நஷ்டமில்லை. காட்டில் ஓடிக் களைத்து மரத்தடியில் தூங்கிப்போகவும், விண்ணுக்குப் போகும் ஏணியைக் கனவில் காணவும் பன்னிரண்டு பொருத்தமான வயது. வளர்ந்த டஸ்ஸிலோவின் கதை அவ்வளவு இனிப்பானது அல்ல. 788இல் சார்லமேன் அவரைப் பதவியிலிருந்து இறக்கி, மொட்டையடித்து, மடத்துக்கு அனுப்பிவைத்தார்.

மதிலுக்கு வெளியே, சரிவில், டஸ்ஸிலோவின் பெயரில் ஒரு லிண்டன் மரம் இன்றும் நிற்கிறது. ஒரு மரம் என்று சொல்வது மரியாதைக்காக. நடுமரம் உள்ளுக்குள் உளுத்துப் பிளந்து, பல தண்டுகளாகப் பிரிந்து வட்டமாக நிற்கிறது. சுற்றளவு 13 மீட்டருக்கு மேல். எட்டாம் நூற்றாண்டு மரம்தானா என்றால் தாவரவியலார் தயங்குவார்கள். ஊர்க்காரர்கள் தயங்குவதில்லை. அதன் நடுவில், மரம் இருந்த இடத்தில், ஒரு ஆள் நிற்கும் அளவு வெற்றிடம். மஞ்சள் இலைகள் அதற்குள் உதிர்ந்து மெத்தை போட்டிருக்கின்றன. இங்கே மரமும் மணிக்கூண்டு போலத்தான்: சுற்றி நிற்பது இருக்கிறது, நடுவில் இருந்தது இல்லை.

*

பத்தரை மணிக்குப் பனி முழுதும் விலகிற்று. தெற்கே ஆல்ப்ஸ் மலைத்தொடர் திரை விலக்கிய நாடக மேடை மாதிரி வந்து நிற்கிறது. இன்று ‘ஃபொயன்’ காற்று. மலையைத் தாண்டி இறங்கி வரும் வெதுவெதுப்பான காற்று. அது வீசுகிற நாளில் 50 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மலை கையெட்டும் தூரத்தில் தெரியும். தலைவலியும் வரும் என்பார்கள். நடுவில் தனித்து நிற்கும் குன்று ஹோஹன்பைஸ்ஸன்பெர்க். அங்கே 1781 ஜனவரி முதல் துறவிகள் தினமும் வெப்பநிலை குறித்து வைத்தார்கள். அந்த வானிலை ஆய்வு நிலையம் இன்றும் இயங்குகிறது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு எழுதி வைக்கிற பழக்கம் அதிகம்.

விடுதிக்கு எதிரே லிண்டன் மர நிழலில் ஒரு பாறை. அதில் பழைய ஜெர்மனில் எழுத்துகள் வெட்டியிருக்கின்றன. விடுதியின் பணிப்பெண் வாசலில் கரும்பலகையை வைத்து அன்றைய சாப்பாட்டை எழுதுகிறாள். தள்ளி நின்று பார்க்கிறாள். ஒரு எழுத்தை அழித்துத் திருத்துகிறாள். பாறையை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தினம் பார்க்கிற பாறை.

அதில் இருப்பது ‘வெஸ்ஸோப்ருன் பிரார்த்தனை’. ஜெர்மன் மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கவிதைகளில் ஒன்று. ஏட்டில் எழுதப்பட்டது 814ஆம் ஆண்டை ஒட்டி. ஒன்பது வரிக் கவிதை. பிறகு உரைநடையில் ஒரு சிறு வேண்டுதல். எல்லாம் படைக்கப்படுவதற்கு முந்தைய நிலையை இந்தக் கவிஞர் எப்படிச் சொல்கிறார்? இல்லாதவற்றை வரிசையாக அடுக்கிக்கொண்டே போகிறார். மண் முதல் விண் வரை, மரம் மலை கடல் எனக் கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொன்றையும் எடுத்து, அது இல்லை என்று வைக்கிறார். எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகும் ஒருவர் மிஞ்சுகிறார். கடவுள்.

இந்தக் கவிதையும் ஊரில் இல்லை. பாறையில் இருப்பது பிரதி. மூல ஏடு 1803இல் மற்ற ஏடுகளோடு மியூனிக் போய்ச் சேர்ந்தது. பவேரிய அரசு நூலகத்தில் 22053 என்ற எண்ணோடு பாதுகாப்பாக இருக்கிறது. 1812இல் அதை அச்சிட்டு விளக்கியவர்கள் கிரிம் சகோதரர்கள். தேவதைக் கதைகளால் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த அதே இருவர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஏடு எழுதப்பட்டது இந்த மடத்தில் இல்லை என்பது ஆய்வாளர்கள் முடிவு. வேறெங்கோ எழுதி, இங்கே வந்து, நூற்றாண்டுக் கணக்கில் தங்கி, இந்த ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வாழவந்த மருமகள் ஊர்ப்பெயரோடு புகழடைந்தது மாதிரி.

இந்த ஊரிலேயே எழுதியவள் ஒருத்தி உண்டு. பெயர் டியமுத். 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மடத்துக் கோயிலை ஒட்டிய சிறு அறைக்குள் தன்னை அடைத்துக்கொண்டு தவமிருந்த கன்னித் துறவி. 1130 வாக்கில் இறக்கும் வரை அவள் செய்த வேலை, படியெடுப்பது. ஏறக்குறைய 45 நூல்கள். அவற்றின் பட்டியல் இன்றும் இருக்கிறது. அதில் ஒரு குறிப்பு என்னைப் பிடித்துக்கொண்டது: அவள் கைப்பட எழுதிய பைபிள் ஒன்றைக் கொடுத்து, மாற்றாகப் பைஸ்ஸன்பெர்க்கில் மடம் ஒரு பண்ணை நிலத்தை வாங்கியிருக்கிறது. ஒரு பெண்ணின் கையெழுத்துக்கு ஒரு பண்ணை விலை. அவள் அறையைவிட்டு வெளியே வந்து அந்த நிலத்தைப் பார்த்திருக்க மாட்டாள்.

அவள் அறை இருந்த இடத்தைத் தேடினால் கால் மறுபடியும் அந்தப் புல்வெளிப் பக்கமே போகிறது.

*

நண்பகல். முதுகுப்பையில் சிப்பி ஓட்டைக் கட்டித் தொங்கவிட்ட நடைப்பயணி ஒருவர் வருகிறார். மியூனிக்கிலிருந்து புறப்பட்டு அந்தெக்ஸ், வெஸ்ஸோப்ருன், ரோட்டன்புக் என்று போகும் யாக்கோபு யாத்திரைப் பாதையில் நடக்கிறவர். பாறை முன்னால் நிற்கிறார். ஒரு படம் எடுக்கிறார். தண்ணீர் குடித்து, காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டுகிறார். நான்கு நிமிடம். தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். அவர் போகிற வழியில் வீஸ் கோயில் வரும். அங்கே அண்ணாந்து பார்த்து வாய் பிளந்து அரைமணி நிற்பார். அதைக் கட்டியவன் இந்த ஊர்ப் பிள்ளை.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் வெஸ்ஸோப்ருன்னின் விளைச்சல் சுதைக் கலைஞர்கள். பெயர் தெரிந்தவர்கள் மட்டும் 600 பேருக்கு மேல். மடத்தைச் சுற்றியிருந்த கைஸ்பாயின்ட், ஹைட் என்ற இரண்டு சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள் இவர்கள். வீட்டுக்கு ஒருவர் என்பதைவிட, வீட்டில் ஒருவரை மட்டும் மாட்டுக்கு விட்டுவிட்டு மற்றவர்கள் என்று சொன்னால் சரியாக இருக்கும். மேட்டு நிலம், நீண்ட குளிர், கைப்பிடி அளவுக் காணி. பனி உருகியதும் கரண்டியும் கையுமாகப் புறப்பட்டு, பனி விழுவதற்குள் திரும்புவார்கள். போன இடங்கள் பவேரியாவோடு நிற்கவில்லை. போலந்து, ஹங்கேரி, பொஹீமியா என்று நீண்டது.

கற்சிற்பிக்குக் கல் காத்திருக்கும். சுதை காத்திருக்காது. ஜிப்சப் பொடி, சுண்ணாம்பு, மணல். சீக்கிரம் இறுகிவிடாமலிருக்கக் கொஞ்சம் வஜ்ஜிரப் பசை நீர். முதலில் சொரசொரப்பான பூச்சு, மேலே மிருதுவான பூச்சு. திரும்பத் திரும்ப வரும் ஓரப்பட்டிகளுக்கு அச்சு உண்டு. இலை, கொடி, பூ, குழந்தை முகம் இவையெல்லாம் கைதான். சாரத்தில் நின்று, தலைக்கு மேலே, விரலாலும் சிறு இரும்புத் தகட்டாலும், ஈரம் போவதற்குள் செய்து முடிக்க வேண்டும். ஒரு இலையின் மடிப்பில் தயங்கினால் அந்தத் தயக்கமும் சேர்ந்தே இறுகிவிடும்.

ஸிம்மர்மான் சகோதரர்கள் பிறந்தது கைஸ்பாயின்ட்டில். மூத்தவர் யோஹான் பாப்டிஸ்ட், 1680. இளையவர் டொமினிகுஸ், 1685. மூத்தவர் மியூனிக் அரசவைக்குப் போனார். நிம்ஃபன்பர்க் அரண்மனைத் தோட்டத்து அமாலியன்பர்க் மாளிகையில் வெள்ளிக் கொடிகளும் பறவைகளுமாகச் சுவரில் படரவிட்டது அவர் கை. இளையவர் லாண்ட்ஸ்பெர்க் நகரத்துக்கு மேயரானார். 1745இல் வயல்வெளி நடுவே வீஸ் கோயிலைத் தொடங்கினார். கட்டடம் தம்பி, கூரை ஓவியம் அண்ணன். 1983இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. கட்டி முடித்த பிறகு டொமினிகுஸ் ஊர் திரும்பவில்லை. கோயிலுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டு, 1766இல் அங்கேயே இறந்தார்.

ஊரில் மிஞ்சியிருக்கும் சுதை வேலையில் பெரியது மடத்தின் விருந்தினர் பகுதியில் இருக்கிறது. யோஹான் ஷ்முட்ஸர் 1700 வாக்கில் செய்தது. நீண்ட நடைக்கூடத்தின் கூரை முழுக்க இலைக்கொடிகள் சுருண்டு சுருண்டு ஓடுகின்றன. டஸ்ஸிலோ மண்டபத்தின் கூரையில் அந்தக் கொடிகளுக்கிடையே வேட்டை நடக்கிறது. நாய்கள் துரத்துகின்றன, மான்கள் பாய்கின்றன. 300 ஆண்டாக எந்த நாயும் எந்த மானையும் பிடிக்கவில்லை.

*

இந்தக் கட்டடங்களும் வைல்ஹைமுக்கு வண்டியேறியிருக்கும். 1861இல் யோஹான் நெப்போமுக் ஸெப் என்கிற மியூனிக் வரலாற்றுப் பேராசிரியர் சொந்தப் பணத்தில் இவற்றை வாங்கினார். இடிந்ததைப் பழுதுபார்த்தார். 1900இல் க்ராமர்-க்ளெட் என்ற பிரபு வாங்கினார். 1913 முதல் டுட்ஸிங் ஊரைச் சேர்ந்த மிஷனரி பெனடிக்டின் கன்னியர்கள் குடியிருந்து, குழந்தைகளுக்கான காப்பகம் நடத்தினார்கள். கன்னியர்களுக்கு வயதாகிக்கொண்டே போனது. புதிதாகச் சேர ஆளில்லை. 2014இல் மடம் கைமாறியது. இப்போது இங்கே இயற்கை மூலிகைகளால் ஆன அழகுப் பொருட்கள் செய்கிறார்கள். துறவிகளின் மூலிகைத் தோட்டத்துக்கும் முகப்பூச்சுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து இருக்கலாம். கூரை ஒழுகாமல் இருக்கிறது என்பதில் ஒரே கருத்துதான் இருக்க முடியும்.

பிற்பகலில் விடுதிக்குள் நான்கு கிழவர்கள். ஒரு மேசை, வழக்கமான ஆட்களுக்கென்று ஒதுக்கிய ‘ஷ்டாம்டிஷ்’. அங்கே வெளியாள் உட்காரக்கூடாது என்று எழுதி வைக்க வேண்டியதில்லை. சீட்டு விழுகிறது. பேச்சு குறைவு. ஒருவர் சீட்டை மேசையில் ஓங்கி அறைகிறார், மூவர் முனகுகிறார்கள். அவர்கள் விரல்கள் ஒவ்வொன்றும் கேரட் கிழங்கு தடிமன். இந்த விரல்களின் பாட்டன்மார்தான் கூரைகளில் ரோஜா இதழ் மடித்தார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்தார். நான் காப்பிக் கோப்பையைப் பார்த்தேன்.

*

ஐந்து மணிக்கே வெளிச்சம் சரியத் தொடங்கிவிட்டது. ஃபொயன் அடங்கிப் பள்ளத்திலிருந்து பனி ஏறுகிறது. பாட்டி மறுபடியும் வந்திருக்கிறார். இலைகள் இல்லை, கறுப்புப் புதுமண்ணில் ஊதாநிற ஹெதர் செடிகள் நட்டாயிற்று. சிவப்புக் கண்ணாடிக் கூட்டுக்குள் மெழுகுவர்த்தி வைத்துப் பற்றவைக்கிறார். முதல் குச்சி அணைந்துவிட்டது. இரண்டாவது நின்றது. கல்லில் பொறித்த பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் பொறிக்க இடம் விட்டிருக்கிறது.

பூவாளியைக் கழுவிக் கம்பியில் மாட்டினார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி, கல்லைப் பார்த்து, அண்டை வீட்டாரிடம் விடைபெறுகிற அதே குரலில் சொன்னார்: “ப்ஃபியாட் டி.” கடவுள் உன்னைக் காக்கட்டும் என்பது தேய்ந்து தேய்ந்து இரண்டு சொல்லானது. ‘போய்ட்டு வர்றேன்’ என்று நாம் சொல்லுமிடத்தில் இவர்கள் அதைச் சொல்வார்கள்.

நான் சாலைக்கு வந்தபோது புல்வெளியைப் பனி மூடிவிட்டது. கோபுரத்தின் அடிப்பாதி மறைந்து, மேல்பாதி மட்டும் வெள்ளைக்கு மேலே நின்றது. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வந்த ஓர் அந்நியர், பனிக்குள் கோயில் இருக்கிறது என்றுதான் நினைப்பார். பாட்டி அந்தப் பக்கமாகத்தான் நடந்து போனார். ஒரு கணம் நின்று, நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, நடந்தார். கோபுரத்துக்கா, பனிக்கா, பழக்கத்துக்கா என்று கேட்க எனக்கு மொழி போதாது.

நின்று கேட்டேன். ஊற்றுப் பக்கம் நீர் விழுந்துகொண்டிருந்தது.